பதிவு செய்தால் கேம் ஏன் தடக்குப்படுகிறது? – ஒரு சின்ன வரலாறு



சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக நிற்கும் தகப்பன்மாரின் கதை இப்போதெல்லாம் வீட்டுக்கடன், முழங்கால் நோ, பிறகு கொம்பியூட்டர் என்ற ஒழுங்கில்தான் போகிறது. "புதுசா வாங்கிக் குடுத்து ஒரு வருசமும் இல்லை, கேமை ரெக்கோட் பண்ணினால் தடக்குதாம், இன்னொண்டு கேக்கிறான்" என்று ஒருவர் தொடங்கினால் மற்ற நாலு பேரும் தலையாட்டுவார்கள். கேம் தனியாக ஓடினால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அதை வீடியோவாகப் பதியத் தொடங்கினதும் சிக்கிச் சிக்கிப் போகிறது. இது இன்றைய வியாதி இல்லை. முப்பது வருசக் கதை இருக்கிறது, அதில் டென்மார்க்குக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நான் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் கணினியியல் இரண்டு வருசம் படித்து, முடிக்காமல் குசினிக்குப் போனவன். அரைகுறைப் படிப்பு எதற்கும் உதவாது என்பார்கள். இந்தக் கேள்விக்கு உதவும்.

1993 டிசம்பரில் 'டூம்' என்ற கேம் வந்தது. சுட்டுக்கொண்டு ஓடுகிற கேம். பிள்ளைகளுக்கு நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை இப்ப விடுவம். அந்தக் கேமிலேயே விளையாடுவதைப் பதிந்து வைக்கும் வசதி இருந்தது. ஆனால் அது வீடியோ இல்லை. டூம் ஒரு செக்கனை 35 துண்டுகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு துண்டிலும் நீங்கள் முன்னுக்குப் போனீர்களா, பக்கத்துக்குப் போனீர்களா, திரும்பினீர்களா, எந்தப் பொத்தானை அமத்தினீர்கள் என்பதை மட்டும் 4 பைற்றில் எழுதும். திரும்பப் போட்டுப் பார்க்கிறபோது கேம் அந்தப் பொத்தான்களைத் தானே அமத்தி, முழு ஆட்டத்தையும் புதிதாக விளையாடிக் காட்டும். இடையில் தற்செயலாக நடக்கிற விசயங்கள் மாறிவிடாதா என்று கேட்பீர்கள். டூமின் 'தற்செயல்' என்பது 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியல். எத்தனை முறை போட்டாலும் அதே ஒழுங்கில்தான் வரும். ஆகவே பேய் பிசாசெல்லாம் அதே இடத்தில் வந்து அதே மாதிரிச் சாகும்.

கணக்குப் பாருங்கள். ஒரு நிமிட ஆட்டம் 8400 பைற். ஒரு பழைய ஃபுளொப்பித் தட்டில் கிட்டத்தட்ட மூன்று மணித்தியால விளையாட்டு அடங்கும். அதே டூமை அப்படியே படமாகப் பதிந்திருந்தால்? 320க்கு 200 புள்ளி, புள்ளிக்கு ஒரு பைற், செக்கனுக்கு 35 படம் என்றால் செக்கனுக்கு 2.24 மெகாபைற். 200 மெகாபைற் ஹாட் டிஸ்க் ஒன்று ஒன்றரை நிமிடத்தில் நிரம்பிவிடும். அந்தக் காலத்து வீட்டுக் கொம்பியூட்டருக்கு இது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே அவர்கள் சாப்பாட்டை எடுத்து வைக்கவில்லை, சமையல் குறிப்பை எழுதி வைத்தார்கள். குறிப்பு எழுதுவதால் அடுப்பு மெதுவாவதில்லை. பதிவு செய்தாலும் கேம் தடக்காது.

இந்த 'டெமோ' என்ற கோப்பு முறைதான் பிறகு ஒரு தலைமுறையையே நடத்தியது. 1996 யூனில் 'குவேக்' வந்தது. அது அமத்திய பொத்தான்களுக்குப் பதிலாக விளையாட்டுச் சேர்வர் அனுப்பும் செய்திகளைப் பதிந்தது, கோப்பு கொஞ்சம் பெரிதானது, ஆனால் தத்துவம் அதேதான். அதே வருசம் ஒக்ரோபரில் 'ரேஞ்சர்ஸ்' என்ற விளையாட்டுக் குழு குவேக்கின் டெமோவை வைத்து இரண்டு நிமிடத்துக்கும் குறைந்த ஒரு குட்டிக் கதைப்படம் செய்து வெளியிட்டது. கேமுக்குள்ளே நடிகர்கள், கேமே கமரா. 1997இல் குவேக் முழுவதையும் 19 நிமிடம் 49 செக்கனில் ஓடி முடித்த ஓட்டத்தைப் பார்த்தவர்களும் டெமோவாகத்தான் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் டென்மார்க். 1991 டிசம்பரில், நத்தாருக்கும் புதுவருசத்துக்கும் நடுவில், வட யூலண்டில் உள்ள ஓர்ஸ் என்ற சின்ன ஊரில் 'த பார்ட்டி' என்று ஒரு கூட்டம் நடந்தது. ஐரோப்பாவின் பல பக்கத்திலிருந்தும் பெடியள் அமீகாவையும் பீசியையும் காவிக்கொண்டு வந்து மண்டபத் தரையில் படுத்தெழும்பி, தாங்கள் எழுதின 'டெமோ'க்களைப் போட்டிக்கு விட்டார்கள். இது வேறு டெமோ. படமும் இசையும் காட்டுகிற புரோகிராம். ஆனால் மனப்பான்மை ஒன்றுதான்: படத்தைச் சேமிக்காதே, படத்தை உண்டாக்கும் விதியைச் சேமி, மெசின் அந்த நிமிடத்தில் தானே வரையட்டும். 2002 வரைக்கும் வருசா வருசம் யூலண்டில் அந்தக் கூட்டம் நடந்தது. குளிருக்குள் வேறென்ன செய்வார்கள் என்று என்னோடு பாத்திரம் கழுவின டெனிஷ் பெடியன் சொல்லுவான், அவனும் போய்வந்தவன்.

ஓகூஸ் என்று வந்தபடியால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியை உண்டாக்கிய பியார்ன ஸ்ட்ரவ்ஸ்ரப் 1950இல் பிறந்ததும் இந்த ஊரில், முதலில் படித்ததும் எங்கள் பல்கலைக்கழகத்தில்தான். பெரிய கேம்களில் மிச்சமிஞ்சி எல்லாமே அந்த மொழியில் எழுதப்பட்டவை. இன்றைக்குப் பிள்ளைகள் பதிவு செய்யப் பாவிக்கும் ஓ.பி.எஸ். என்ற சொப்ட்வெயரும் சி, சி பிளஸ் பிளஸ்ஸில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தாள் படித்த இடத்தில்தான் நானும் படித்தேன் என்று சொன்னால் குசினியில் ஒருவரும் நம்புவதில்லை. படிக்கத் தொடங்கினேன் என்று திருத்திச் சொன்னால் நம்புவார்கள்.

நான் படித்த நாட்களில், 2000, 2001இல், நகரத்துக்குள் நெற்கஃபேக்கள் நிரம்பி வழிந்தன. எல்லாத் திரையிலும் கவுண்ரர் ஸ்ட்ரைக். அது 'ஹாஃப் லைஃப்' என்ற கேமின் மேல் கட்டப்பட்டது, ஹாஃப் லைஃப் குவேக்கின் எஞ்சினில் இருந்து வந்தது, ஆகவே டெமோ முறையும் பரம்பரைச் சொத்து மாதிரி வந்து சேர்ந்தது. நல்ல ஆட்டக்காரரின் டெமோவை இறக்கி, தங்கள் கேமில் போட்டு, அவன் எந்த மூலையில் நின்றான் என்று படிப்பார்கள். அதை உண்மையான வீடியோவாக மாற்ற விரும்பினவர்களுக்கு ஒரு கெட்டித்தனமான வழி இருந்தது. டெமோவை ஓடவிட்டு, ஒவ்வொரு பிரேமையும் தனித்தனிப் படக்கோப்பாக எழுதச் சொல்லும் கட்டளை. அப்போது கேம் நிஜ நேரத்தில் ஓடாது. ஒரு பிரேமை வரையும், டிஸ்கில் எழுதி முடிக்கும்வரை பொறுக்கும், பிறகு அடுத்தது. ஒரு நிமிடக் காட்சிக்குக் கனநேரம் இரைந்துகொண்டு கிடக்கும். கிடந்தால் என்ன? விளையாடுகிறவன் அங்கே இல்லை, விளையாடி முடிந்துவிட்டது. கடைசியில் அந்த ஆயிரக்கணக்கான படங்களை வேச்சுவல்டப் போன்ற இலவச சொப்ட்வெயரில் போட்டு ஒட்டினால் ஒரு தடக்கும் இல்லாத வீடியோ.

தடக்குப்படுவது என்பது நேரத்தோடு சம்பந்தப்பட்ட வியாதி. ஒரு மெசினைப் பார்த்து, இந்த 33 மில்லிசெக்கனுக்குள் படத்தையும் வரை, அதே படத்தைக் கொப்பி எடுத்து, சுருக்கி, டிஸ்கிலும் எழுது என்று சொல்லும்போதுதான் அது வருகிறது. நேரக்கட்டு இல்லாவிட்டால் எவ்வளவு ஏழை மெசினும் செய்யும்.

பிறகு ஏன் அந்த வழியை விட்டார்கள்? 2005இல் யூரியூப் வந்தது. டெமோவைப் பார்க்கிறவனிடமும் அதே கேம் இருக்கவேண்டும், அதே பதிப்பும் இருக்கவேண்டும். யூரியூப்பில் பார்க்கிறவனிடம் ஒன்றும் தேவையில்லை. அதோடு எல்லாக் கேமிலும் டெமோ வசதி இல்லை. ஆகவே பெடியளுக்கு நிஜமான வீடியோ வேண்டிவந்தது, அதுவும் விளையாடும்போதே.

அதற்குக் கிடைத்த ஆயுதம் 'ஃபிராப்ஸ்'. 1999இல் அவுஸ்ரேலியாவில் இருந்து வந்தது. பெயரே செக்கனுக்கு எத்தனை பிரேம் என்பதன் சுருக்கம். முதலில் கேமின் வேகத்தை மூலையில் மஞ்சள் எண்ணாகக் காட்டுவதுதான் அதன் வேலை, வீடியோப் பதிவு பிறகு சேர்ந்தது. காசு கட்டாமல் பாவித்தால் 30 செக்கன்தான் பதியும், மேலே அவர்களின் இணைய முகவரியும் விழும். காசு கட்டினால் 37 டொலர். அந்தக் காலத்து வீடியோக்களில் பாதிக்கு மேல் அந்த முகவரி நெற்றியில் ஒட்டின பொட்டு மாதிரி நிற்கும்.

ஃபிராப்ஸ் ஓடினால் கேம் ஏன் படுத்தது என்பதைக் குசினிப் பாஷையில் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு, எட்டு மணி, ஓடர் சீட்டு வரிசையாகத் தொங்குகிறது. ஒரு சமையல்காரன். அவனிடம் முதலாளி வந்து, இன்றைக்கு ஒவ்வொரு கோப்பையையும் வெளியே விடமுன்னர் ஒரு படம் எடுத்து, படத்தை மடித்து, கவரில் போட்டு, கீழே நிலவறைக்குக் கொண்டுபோய் அடுக்கிவிட்டு வா என்கிறார். என்ன நடக்கும்? ஃபிராப்ஸ் பிடித்த கொம்பியூட்டருக்கு நடந்ததும் அதுதான். அதில் மூன்று இடத்தில் நெரிசல்.

முதலாவது, படம் எடுக்கிற இடம். கேமின் படம் கிறபிக்ஸ் காட்டுக்குள் இருக்கிறது, அதைப் பிரதான நினைவகத்துக்கு எடுத்துவர வேண்டும். அந்நாளைய ஏ.ஜி.பி. என்ற இணைப்பு காட்டுக்குள்ளே கொண்டுபோவதற்காகவே கட்டப்பட்ட பாதை. உள்ளே போகிற பக்கம் பெரிய தெரு, திரும்பி வருகிற பக்கம் ஒழுங்கை. படம் காட்டிலிருந்து திரையில் விழுந்தால் போதும், திரும்பி வரவேண்டிய அவசியம் என்ன என்று அதைக் கட்டினவர்கள் நினைத்திருக்க வேண்டும். 2004இல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வந்த பிறகுதான் இரண்டு பக்கமும் ஒரே அகலமானது.

இரண்டாவது, மடிக்கிற இடம். அந்நாளில் வீட்டுக் கொம்பியூட்டரில் ஒரே ஒரு புரொசெசர் கோர். கேமும் அதில்தான், சுருக்கும் வேலையும் அதில்தான். ஆகவே ஃபிராப்ஸ் செய்தவர்கள் சுருக்கும் வேலையை ஏறக்குறையக் கைவிட்டார்கள். மிக லேசாகச் சுருக்கி, மிச்சப் பாரத்தை டிஸ்கின் தலையில் போட்டார்கள். புரொசெசரைக் காப்பாற்ற டிஸ்கைப் பலிகொடுத்த மாதிரி. சரியான முடிவுதான் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, நிலவறை. 1280க்கு 720 புள்ளி, புள்ளிக்கு ஒன்றரை பைற், செக்கனுக்கு 30 படம் என்று பெருக்குங்கள்: செக்கனுக்கு 41 மெகாபைற்றுக்குக் கிட்ட. ஒரு நிமிடத்துக்கு இரண்டரை கிகாபைற். அந்நாளைய சுழலும் டிஸ்க் வெளி விளிம்பில் 50, 60 மெகாபைற் எழுதும், உள்ளே போகப் போக அதன் பாதி. லேசான சுருக்கத்தால் கொஞ்சம் தப்பினாலும், அதே டிஸ்கில்தான் கேமும் இருக்கிறது, விண்டோசும் இருக்கிறது. ஊசி அங்கேயும் இங்கேயும் ஓடி ஓடிக் களைக்கும். வேறொரு டிஸ்கில் பதிவு செய் என்ற அறிவுரை அப்போது வேத வாக்கு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு இன்னொரு குணம் இருந்தது. டிஸ்கில் எழுதும்போது சில பிழைகள் திரும்பத் திரும்ப வந்தால், வேகமான முறையை விட்டுவிட்டு, பயந்த மாடு மாதிரி மிகப் பழைய, ஒவ்வொரு பைற்றுக்கும் புரொசெசரைக் கூப்பிடுகிற முறைக்கு இறங்கிவிடும், சொல்லவும் சொல்லாது. அது தெரியாமல் புது மெசின் வாங்கினவர்கள் எத்தனை பேரோ.

கோப்பு 4 கிகாபைற்றை எட்டுகிறபோது ஃபிராப்ஸ் அதை வெட்டிப் புதிதாகத் தொடங்கும், ஏனென்றால் பழைய ஃபற் 32 முறையில் அதைவிடப் பெரிய கோப்பு நிற்காது. செக்கனுக்கு 30 படம் பதிகிறீர்கள் என்றால் கேமையும் 30இல் பிடித்துக் கட்டிவிடும். 'ரெக்கோட் அமத்தினதும் கேம் பாதி வேகமாப் போச்சு' என்று பெடியள் அழுததில் ஒரு பகுதி பழுது இல்லை, கட்டினதுதான்.

பிறகு வந்த இருபது வருசத்தையும் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அந்தச் சமையல்காரனுக்கு ஆள் பிடித்தார்கள், அவ்வளவுதான். 2005, 2006இல் இரண்டு கோர் உள்ள புரொசெசர்கள் வீட்டுக்கு வந்தன. ஒன்று கேமைப் பார்க்க, மற்றது சுருக்கலாம். எச்.264 என்ற சுருக்குமுறை 2003இல் தீர்மானமானது, அதற்கு எக்ஸ்264 என்ற இலவச சொப்ட்வெயர் எழுதப்பட்டது, நிலவறைக்குப் போகிற பாரம் பல மடங்கு குறைந்தது. ஆனால் அது புரொசெசரைப் பிழிந்து எடுத்தது. காசு உள்ளவர்கள் இரண்டாவது கொம்பியூட்டரையே பக்கத்தில் வைத்து, கேபிளால் படத்தை அங்கே அனுப்பி, பதிகிற வேலையை முழுதாக அதற்குக் கொடுத்தார்கள். 2011இல் இன்ரெல், 2012இல் என்விடியா, வீடியோ சுருக்குவதற்கென்றே தனி மின்சுற்றைச் சில்லுக்குள் வைத்தன. 2012 செப்ரெம்பரில் ஓ.பி.எஸ். இலவசமாக வந்தது. 2013இல் பிளேஸ்ரேசன் 4 வந்தபோது கட்டுப்பாட்டுக் கருவியிலேயே பகிர்கிற பொத்தான், கடைசி 15 நிமிடம் எப்போதும் பதிந்துகொண்டே இருக்கும். கலியாணக் கமராக்காரன் மாதிரி, நீங்கள் கவனிக்காமல் நிற்பான்.

ஆரம்பத்தில் அந்தத் தனிச்சுற்றுகளின் படம் கொஞ்சம் மங்கல், வேகமாகத் திரும்பினால் கட்டம் கட்டமாக உடையும். 2018இல் என்விடியா வெளியிட்ட 'ரியூறிங்' தலைமுறையில்தான் அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது. (எங்கள் பல்கலைக்கழகத்தின் கணினிக் கட்டடம் ஒன்றுக்கும் ரியூறிங் என்றுதான் பெயர். அதன் படிகளைக் காணும்போது எனக்கு வேறு கணக்கெல்லாம் ஞாபகம் வரும்.)

அப்படியென்றால் இன்றைக்கு ஏன் இன்னும் தடக்குகிறது? இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஓ.பி.எஸ்.இல் புள்ளிவிவரப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் மூன்று எண்ணிக்கை வரும். படம் வரைவதில் பிந்தியதால் தவறின பிரேம், சுருக்குவதில் பிந்தியதால் விட்ட பிரேம், இணையத்தில் அனுப்ப முடியாமல் விழுந்த பிரேம். மூன்றும் மூன்று வியாதி. இணையத்தில் விழுந்தால் கிறபிக்ஸ் காட் மாற்றி என்ன பயன்? சுருக்குவதில் பிந்தினால் அந்த வேலையைத் தனிச்சுற்றுக்கு மாற்றி விடலாம், ஒரு சதமும் செலவில்லை. எங்கள் வீட்டில் மகனுக்கு ஏறினது முதலாவது எண்ணிக்கை. கேம் செக்கனுக்கு இருநூறு பிரேம் வரைய விட்டிருந்தான், கிறபிக்ஸ் காட் நூறு வீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது, ஓ.பி.எஸ். தன் படத்தைச் சேர்த்து வரைய இடமே இல்லை. அவனுடைய திரை காட்டுவது செக்கனுக்கு 144. கேமை 120இல் கட்டினோம். தடக்கு நின்றது. கடைக்காரர் ஒருவர் அதற்கு முதல் நாள்தான் எட்டாயிரம் குரோனருக்கு ஒரு காட்டைக் காட்டியிருந்தார். எட்டாயிரம் குரோனர் என்றால் எத்தனை மணித்தியாலம் உருளைக்கிழங்கு உரிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

ஊரில் கதை வேறு. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் கையில் இருப்பது ஃபோன். அன்ரோயிட்டில் 2014இலும் ஐபோனில் 2017இலும் திரையைப் பதிகிற வழி திறந்தது. ஃபோனிலும் சுருக்குவதற்குத் தனிச்சுற்று இருக்கிறது, அதில் குறையில்லை. அங்கே எதிரி சூடு. கேமும் ஓடி, பதிவும் ஓடி, சார்ஜரும் குத்தி, சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் இருந்தால் சில்லு தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும். பத்து நிமிடம் நன்றாகப் போய்ப் பிறகு தடக்கத் தொடங்குகிறது என்றால் அதுதான். ஃபோன் உறையைக் கழற்றி, சார்ஜரையும் பிடுங்கி, காத்தாடிக்கு முன்னால் இருந்து விளையாடு என்று மருமகளுக்குச் சொன்னேன். இந்தியாவில் 2020 செப்ரெம்பரில் பப்ஜி மொபைலைத் தடைசெய்தபோது தமிழில் அதை விளையாடிக் காட்டினவர்களெல்லாம் ஒரே இரவில் வேறு கேம் தேடி ஓடினார்கள். அவர்கள் அதுவரை பதிந்தது வீடியோவாக இருந்தபடியால் இன்றைக்கும் பார்க்கலாம். டெமோவாக மட்டும் வைத்திருந்தால்?

இந்தக் கேள்விக்கு டென்மார்க்கிடம் பதில் இருக்கிறது. 'அஸ்ட்ராலிஸ்' என்ற டெனிஷ் அணி கவுண்ரர் ஸ்ட்ரைக்கின் மேஜர் போட்டிகளை 2017இல் அட்லாண்டாவிலும், 2018இல் லண்டனிலும், 2019இல் கட்டோவிசாவிலும் பிறகு பெர்லினிலும் வென்றது. நாலு மேஜர். உதைபந்தாட்டத்தில் 1992இல் ஐரோப்பாக் கிண்ணம் வென்ற கதையை டெனிஷ்காரர் எப்படிச் சொல்வார்களோ அப்படி இதைச் சொல்கிற ஒரு தலைமுறை இங்கே வளர்ந்திருக்கிறது, அதில் எங்கள் பெடியளும் அடக்கம். அந்த ஆட்டங்களின் டெமோ ஆட்டக்காரனின் கண்ணாலேயே எல்லாவற்றையும் காட்டும், எந்த வீடியோவையும் விட நிறைவானது. 2023 செப்ரெம்பரில் பழைய கேமின் இடத்தில் கவுண்ரர் ஸ்ட்ரைக் 2 வந்தது. புதிய கேம் பழைய கேமின் டெமோவைத் திறக்காது. பார்க்கவேண்டுமென்றால் பழைய பதிப்பைத் தனியே இறக்கி வைத்திருக்க வேண்டும், அது கிடைக்கிற வரைக்கும். டூமும் அப்படித்தான், வேறு பதிப்பின் டெமோவைக் கொடுத்தால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிடும். குறிப்பு இருக்கிறது, அந்த அடுப்பு இல்லை. யாழ்ப்பாணத்துக் கூழுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்து ஓகூஸில் ஒடியல்மா தேடின ஆட்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வீடியோ பாரம்தான், மெசினை இழுக்கும்தான், ஆனால் தன் சாமானைத் தானே காவிக்கொண்டு வருகிறது. அதற்காக அது அழியாது என்று நினைக்கவேண்டாம். பாரம் என்பதாலேயே அதை எறிந்துவிடுகிறார்கள். ருவிச் என்ற ஒளிபரப்புத் தளம் 2014 ஓகஸ்ற்றில் பழைய ஒளிபரப்புகளைக் காலவரையின்றி வைத்திருப்பதை நிறுத்தியது, சாதாரண ஆட்களுக்குப் 14 நாள்தான் என்றது. 2025 ஏப்ரலில் ஆட்கள் பொறுக்கி வைத்த துண்டுகளுக்கும் 100 மணித்தியாலம் என்று எல்லை போட்டது. எக்ஸ்ஃபயர் என்ற தளம் 2015 யூனில் மூடப்பட்டபோது அதில் பெடியள் வருசக்கணக்காக ஏற்றி வைத்த வீடியோக்களும் போயின. வீட்டிலும் இதேதான். இரண்டு நிமிடத்துக்கு ஐந்து கிகாபைற் என்றால் எந்தப் பெடியன் வைத்திருப்பான்? யூரியூப்புக்குச் சின்னதாகச் சுருக்கி அனுப்பிவிட்டு மூலத்தை அழிப்பான், இடம் வேணும் அடுத்ததுக்கு.

நாங்கள் பெரியவர்களும் அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. எங்கள் சனம் வீடியோ எடுப்பதில் குறைந்த சனம் இல்லை. சாமத்தியவீடு, அரங்கேற்றம், ஐம்பதாவது பிறந்தநாள் எல்லாம் அலுமாரி நிறையக் கசற்றும் டிவிடியும். ஆனால் அவற்றில் பிள்ளைகள் பேசுவது மேடைத் தமிழ், மனப்பாடம் செய்தது. பெரியவர்கள் பேசுவதேயில்லை, சாறியும் நகையுமாக வரிசையில் நிற்பார்கள், மேலே நாதஸ்வரம் போட்டிருப்பார்கள். வீட்டில் நாங்கள் உண்மையில் எப்படிப் பேசினோம், டெனிஷை எங்கே கலந்தோம், எந்தச் சொல்லால் ஏசினோம் என்பது ஏதாவது பதிவில் இருக்கிறது என்றால் அது பெடியளின் கேம் வீடியோவில்தான் என்று நான் சொல்வேன். மைக் திறந்திருந்தது, ஒருவரும் அதற்காகப் பேசவில்லை.

போன மாரியில் அக்கா வீட்டு நிலவறையைத் துப்புரவாக்கினோம். அவவின் மூத்தவன் 2007இல் பாவித்த கொம்பியூட்டர் அங்கே கிடந்தது. டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி இணைப்பு ஒன்றில் கொழுவி, ஃபிராப்ஸ் கோப்புகள் பதினொன்றை எடுத்தேன். ஒவ்வொன்றும் முப்பது செக்கன், காசு கட்டாத பதிப்பு, நெற்றியில் முகவரி. சிலது செக்கனுக்கு ஏழெட்டுப் பிரேமில் இழுத்துக்கொண்டு போகிறது, துவக்கைத் திருப்பினால் திரை ஒரு அரைச்செக்கன் பிந்தித்தான் திரும்புகிறது. படம்தான் தடக்கியிருக்கிறது, சத்தம் தடக்கவில்லை. ஆறாவது கோப்பில் வெடிச்சத்தத்துக்குப் பின்னால் அம்மாவின் குரல். "தம்பி, உந்தச் சத்தத்தைக் குறை ராசா, எனக்கு நெஞ்சு இடிக்குது." கொஞ்ச நேரத்தால் திரும்ப, "புட்டு ஆறப்போகுது." அவன் டெனிஷில் ஏதோ சொல்லுகிறான். அம்மா 2011இல் காலமானவ. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து வெடிச்சத்தம் என்றால் அவவுக்கு அப்படித்தான், அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கலியாண வீடியோ நாலில் அவ இருக்கிறா, ஒன்றிலும் வாய் திறக்கவில்லை.

உங்கள் வீட்டு நிலவறையிலும் பழைய டிஸ்க் கிடந்தால் இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஃபிராப்ஸ் கோப்பு சாதாரண ஏவிஐ மாதிரித் தெரியும், ஆனால் விண்டோஸ் தானாகத் திறக்காது, சில வேளை கறுப்புத் திரை வரும். கோப்புப் பழுது என்று நினைத்து அழிக்கவேண்டாம். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச சொப்ட்வெயருக்கு அந்தச் சுருக்குமுறை தெரியும், வி.எல்.சி.யிலும் போட்டுப் பாருங்கள். முதலில் கோப்பை அப்படியே வேறு டிஸ்குக்குக் கொப்பி எடுங்கள், பிறகு எச்.264க்கு மாற்றுங்கள், சத்தத்தைச் சுருக்காமல் விடுங்கள். மாற்றுகிறபோது மெசின் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் கவலையில்லை. நான் இரவு வேலைக்குப் போகமுன்னர் போட்டுவிட்டுப் போனேன், விடியத் திரும்பி வந்தபோது பதினொன்றும் முடிந்திருந்தன. புதிதாகப் பதிகிற பிள்ளைகளுக்கும் ஒன்று: எம்.பி.4 என்று வைக்காமல் எம்.கே.வி. என்று வைக்கச் சொல்லுங்கள். எம்.பி.4இல் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதுவார்கள், நடுவில் மின்சாரம் போனாலோ கேம் விழுந்தாலோ முழுக் கோப்பும் போய்விடும். எம்.கே.வி. விழுந்த இடம்வரைக்கும் இருக்கும். 2024இல் இருந்து ஓ.பி.எஸ்.இல் இதைச் சமாளிக்கும் புதுவகை எம்.பி.4உம் இருக்கிறது. அதோடு மைக்கைத் தனி ஒலித்தடத்தில் பதியச் சொல்லுங்கள். வெடிச்சத்தத்தை வேண்டுமென்றால் பிறகு குறைக்கலாம்.